அளவு மிஞ்சிய ஓபியாய்டு: மூச்சு திரும்பிய பிறகும் நுரையீரலைக் கவனிக்கும் முறை

மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், மெத்தடோன், ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து என எதுவாக இருந்தாலும், அபினி வகை மருந்தான ஓபியாய்டு அளவு மிஞ்சினால் முதலில் அடங்குவது மூச்சு. ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலோக்ஸோன் கொடுத்ததும் பலர் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆபத்து கழிந்தது என்று அப்போதே விட்டுவிடுவதுதான் தவறு. நுரையீரலில் நீர் கோப்பதும், வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்கியதன் விளைவும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். முதல் பத்து நிமிடத்தில் மூச்சைக் கொடுக்கும் விதமே பின்னால் நுரையீரல் படும் பாட்டைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

நுரையீரல் எப்படிக் கெடுகிறது

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளைத்தண்டு மூச்சை வேகப்படுத்தும். ஓபியாய்டு அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 6, 4 என்று இறங்கினாலும் உடல் பதறுவதில்லை. கூடவே நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். இருமல் வராது. இரைப்பை காலியாவதும் தாமதமாகும். வயிறு நிறைந்திருக்க, தொண்டையில் காவல் இல்லாமல் மல்லாந்து கிடப்பவருக்கு வாந்தி வந்தால் அது நேரே மூச்சுக்குழலுக்குள் போகும்.

நீர் கோப்பது வேறு கதை. இதயம் பலவீனமாகி நீர் கோப்பதைப் போன்றதல்ல இது. இதயம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆக்சிஜன் பற்றாக்குறையால் நுரையீரலின் நுண்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. தொண்டை மூடியிருக்கும்போது இழுத்து மூச்சுவிட முயன்றால் நெஞ்சுக்குள் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகி, நீரைக் காற்றறைகளுக்குள் இழுக்கும். ஓபியாய்டின் பிடி திடீரென விடும்போது அட்ரினலின் வகைச் சுரப்புகள் பொங்கி நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தத்தை ஏற்றும். இம்மூன்றில் எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். நலோக்ஸோன்தான் நீரைக் கோக்க வைக்கிறது என்று சிலர் பயந்து மருந்தையே தள்ளிப்போடுகிறார்கள். மார்ஃபின் நஞ்சேறியவரின் நுரையீரலில் நீர் கோத்ததை மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1880லேயே பதிவு செய்துவிட்டார். நலோக்ஸோனுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்ததோ 1971இல். மருந்து இல்லாமலும் நீர் கோக்கும். மூச்சு நின்றவரை மருந்தில்லாமல் விடுவதைவிடப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை.

முதலில் எண்ணுங்கள்

மூச்சைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். தட்டியும் அழைத்தும் விழிக்காதவருக்கு 12க்குக் கீழ் இருந்தால் எச்சரிக்கை. 8க்குக் கீழ் என்றால் அவசரம். மூச்சே தெரியவில்லை என்றால் 10 வினாடிக்கு மேல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆழ்ந்த குறட்டையும், தொண்டையில் நீர் கொப்பளிப்பது போன்ற சத்தமும் நிம்மதியான தூக்கத்தின் அடையாளம் அல்ல. பாதி அடைபட்ட மூச்சுப்பாதையின் சத்தம் அது. ‘நல்லா தூங்குறான், விடுங்க’ என்று விட்டுப் போய் உயிர் போனதுண்டு.

உதட்டு நீலம் கறுத்த தோலில் எளிதில் தெரியாது. உள் உதடு, ஈறு, நகத்தடி ஆகியவற்றைப் பாருங்கள். கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருப்பது வலுவான அடையாளம்தான். ஆனால் அது இல்லை என்பதால் ஓபியாய்டு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ட்ரமடாலில் சுருக்கம் இல்லாமலும் இருக்கலாம்; மூளை நெடுநேரம் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்தாலும், வேறு மருந்து கலந்திருந்தாலும் கண்மணி விரிந்திருக்கலாம். உடலில் ஃபென்டனில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று முதுகு, தோள், தொடை வரை தேடுங்கள். இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு உரித்து எடுத்து, அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவுங்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும், வெந்நீர் கூடாது. பட்டையை எடுத்த பிறகும் தோலில் தேங்கிய மருந்து பல மணி நேரம் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும்.

காற்று முதலில், மருந்து அடுத்து

ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். இருவர் இருந்தால் ஒருவர் மூச்சுக் கொடுக்க, மற்றவர் நலோக்ஸோனை எடுக்கட்டும். தனியாக இருந்து மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதைக் கொடுத்த கையோடு மூச்சைத் தொடங்குங்கள். மருந்தைத் தேடி ஓட வேண்டியிருந்தால் சில மூச்சுகள் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.

வாயைத் திறந்து பாருங்கள். கண்ணில் படும் உணவு, பல்செட், மாத்திரை இருந்தால் தலையை ஒருபுறம் திருப்பி எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவ வேண்டாம். இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மற்றக் கையால் தாடை எலும்பை மேலே தூக்குங்கள். பலருக்கு இதிலேயே குறட்டை நின்று காற்று போகத் தொடங்கும். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, 5 அல்லது 6 வினாடிக்கு ஒரு மூச்சு. ஒவ்வொன்றும் ஒரு வினாடி நீள வேண்டும். நெஞ்சு லேசாக உயர்ந்தால் போதும்.

இந்த ‘போதும்’ முக்கியம். வேகமாக, பலமாக ஊதினால் மிஞ்சிய காற்று உணவுக்குழல் வழியாக வயிற்றுக்குப் போய் வயிற்றை உப்பவைத்து, வாந்தியை மேலே தள்ளும். காப்பாற்றப் போன மூச்சே புரையேறலுக்குக் காரணமாவது இப்படித்தான். பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுக்கும் செவிலியர்களுக்கும் இதே பேச்சு: ஒரு மூச்சுக்கு 500 முதல் 600 மி.லி. போதும். பெரியவர்களுக்கான பையை முழுதாகப் பிழிந்தால் இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடலாம். நெஞ்சு உயரத் தொடங்கியதும் பிழிவதை நிறுத்துங்கள். ஒருவர் இரு கையாலும் முகமூடியை இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பிழிவது நல்ல ஏற்பாடு.

அசைவும் மூச்சும் இல்லாமல், நாடியும் இல்லை அல்லது நாடி பார்க்கத் தெரியவில்லை என்றால் நெஞ்சழுத்தம் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. திடீர் மாரடைப்பில் நெஞ்சழுத்தம் மட்டும் போதும் என்று சொல்லிக்கொடுப்பது இங்கே பொருந்தாது. இவரது இதயம் நின்றதே காற்று இல்லாமல்தான்.

நலோக்ஸோன் மூக்குத் தெளிப்பானாக இருந்தால் (வழக்கமாக ஒரு தெளிப்பில் 4 மி.கி.) முனையை ஒரு நாசிக்குள் முழுதாக நுழைத்து ஒரே அழுத்து. சோதித்துப் பார்க்க முன்கூட்டி அழுத்தாதீர்கள். ஒரு தெளிப்புத்தான் உள்ளே இருக்கும். ஊசியானால் 0.4 மி.கி., வெளித்தொடைத் தசையில். இரண்டு மூன்று நிமிடம் மூச்சுக் கொடுத்துக்கொண்டே காத்திருந்து, மூச்சு ஏறவில்லை என்றால் அடுத்த அளவை மறு நாசியில் கொடுங்கள். இலக்கு ஆள் எழுந்து பேசுவது அல்ல. மூச்சு நிமிடத்துக்கு 10 முதல் 12 என்று தானாக ஓடி, நிறம் திரும்பினால் மேற்கொண்டு கொடுக்க வேண்டாம். அரைத்தூக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. ஓபியாய்டைத் தொடர்ந்து எடுத்துப் பழகியவருக்கு நலோக்ஸோனை மேலும் மேலும் ஏற்றினால், பழகிய மருந்து திடீரென நின்றதால் வரும் கடும் விலகல் குறிகள் தோன்றும்: வாந்தி, பதற்றம், ரத்த அழுத்த ஏற்றம். முழுதாக விழிக்காதவர் வாந்தி எடுத்தால் மறுபடி புரையேறும்.

நரம்பு வழி மருந்து கொடுக்க வசதியுள்ள இடத்தில் 0.4 மி.கி. உள்ள 1 மி.லி. ஆம்பூல் (கண்ணாடிக் குப்பி) ஒன்றோடு 9 மி.லி. சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மி.லி.யிலும் 0.04 மி.கி. இருக்கும். பையால் மூச்சுக் கொடுத்தபடியே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு மி.லி. ஏற்றி, மூச்சு வந்ததும் நிறுத்தலாம். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் இறங்கிய பின் ஓபியாய்டின் பிடி மெல்ல விட்டால் அந்த அட்ரினலின் பொங்கல் குறையும் என்பதே இதன் நியாயம். மூச்சு அறவே நின்றவருக்கும், மூச்சுக் கொடுக்க யாரும் இல்லாத இடத்திலும் இந்தச் சொட்டுக் கணக்கு வேண்டாம், 0.4 மி.கி.யில் தொடங்கி 2 மி.கி. வரை போகலாம். மொத்தம் 10 மி.கி. போயும் அசைவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: தூக்க மாத்திரை, மது, தலைக்காயம், ஏற்கெனவே நேர்ந்துவிட்ட மூளைச் சேதம். ரத்தச் சர்க்கரையை அதற்கு வெகு முன்பே பார்த்திருக்க வேண்டும். புப்ரினார்ஃபின் மட்டும் கொஞ்சம் பிடிவாதமானது. வழக்கத்தைவிட அதிக அளவு கேட்கும்.

ஃபென்டனில் நரம்பில் வேகமாக ஏறும்போது நெஞ்சுத் தசையும் குரல்வளையும் விறைத்துப்போவதுண்டு. பையை எவ்வளவு பிழிந்தாலும் நெஞ்சு பலகை போல் அசையாது. முகமூடி சரியாகப் பொருந்தவில்லையோ என்று நேரத்தைக் கடத்தாமல் நலோக்ஸோனைக் கொடுங்கள். மருத்துவமனை என்றால் தசை தளர்த்தும் மருந்தும் மூச்சுக்குழலில் போடும் குழாயும் தயாராக இருக்கட்டும்.

மூச்சு தானாக ஓடத் தொடங்கியதும் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். மேல்காலை முழங்காலில் மடக்கி, கன்னத்தைக் கையின் மேல் வைத்து, வாய் தரையைப் பார்க்கும்படி. உப்புத்தண்ணீர் புகட்டுவது, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, குளிர்ந்த நீரில் முக்குவது, பால் கொடுப்பது எதுவும் வேண்டாம். வாயில் ஊற்றிய எதுவும் நுரையீரலில்தான் முடியும்.

விழித்த பின்: நேரம் சொல்லும் சேதி

நலோக்ஸோன் 30 முதல் 90 நிமிடம் வேலை செய்யும். மெத்தடோனும், மெதுவாகக் கரையும் மாத்திரைகளும் அதைவிடப் பல மணி நேரம் உடலில் இருக்கும். முதல் ஆபத்து இதுதான்: நலோக்ஸோன் தீர்ந்ததும் மூச்சு மறுபடி அடங்கும்.

நுரையீரல் சிக்கல்களைப் பிரித்தறிய நேரமே பெரிய துணை. நீர் கோத்தல் பெரும்பாலும் உடனேயோ, முதல் நாலு மணி நேரத்துக்குள்ளோ தெரிந்துவிடும். மூச்சு நிமிடத்துக்கு 24, 30 என்று ஏறும். படுக்க முடியாமல் உட்காருவார். இருமலில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ நுரை வரும். மூக்கிலும் வாயிலும் சோப்பு நுரை போலப் பொங்குவதும் உண்டு. நுரையைத் துடைத்துத் தீராது. உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்ரேயில் இரு நுரையீரலிலும் பஞ்சுத் திட்டுகள் தெரியும், இதயம் இயல்பான அளவில் இருக்கும். சில சமயம் ஒரு பக்கம் மட்டுமே தெரிவதும் உண்டு, அது குழப்பிவிடும்.

இரைப்பை அமிலம் உள்ளே போனதால் வரும் புண் சில மணி நேரத்தில் இருமல், இழுப்பு, லேசான காய்ச்சல் என்று தொடங்கி ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். பலருக்குத் தானாகவே தணியும். கிருமி சேர்ந்து வரும் நிமோனியா இரண்டாம் மூன்றாம் நாளில் தலைகாட்டும்: காய்ச்சல் ஏறும், சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும், மூச்சிழுக்கும்போது ஒரு பக்கம் குத்தும். மல்லாந்து கிடந்தவருக்கு நுரையீரலின் பின்புறப் பகுதிகளிலும், உட்கார்ந்த நிலையில் மயங்கியவருக்கு வலது கீழ்மடலிலும் அதிகம் படியும். வலது மூச்சுக்கிளை அகலமாகவும் நேராகவும் இறங்குவதே காரணம். ஒன்றிரண்டு வாரம் கழித்து நாற்றமடிக்கும் சளி வந்தால் நுரையீரலில் சீழ்க்கட்டி என்று சந்தேகிக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் குழாய் போட்டிருக்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 6 ஆக இறங்கினாலும் திரையில் 98 என்றே காட்டலாம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். எண் அழகாக இருக்கிறதே என்று இருந்துவிடாமல் மூச்சை எண்ணுங்கள். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி இருந்தால் அதைப் பொருத்துவது இன்னும் நல்லது. மறுபக்கம், வெறும் காற்றில் எண் 92க்குக் கீழ் இருக்க மூச்சு வேகமாக ஓடினால் நலோக்ஸோன் தீர்ந்ததல்ல காரணம், நுரையீரலே கெட்டிருக்கிறது. அங்கே இன்னொரு நலோக்ஸோன் உதவாது.

மருத்துவமனையில்

நீர் கோத்திருந்தால் சிகிச்சை அழுத்தக் காற்றுதான். விழித்திருந்து, வாந்தி இல்லாமல், சொன்னதைக் கேட்பவருக்கு இறுக்கமான முகமூடி வழியாக 5 முதல் 10 செ.மீ. நீரழுத்தம். மயக்கத்தில் இருப்பவருக்கும் வாந்தி எடுப்பவருக்கும் முகமூடியை இறுக்கிக் கட்டுவது புரையேறலை வரவழைப்பதாகும். குழாய் போடுவதே பாதுகாப்பு. சிறுநீர் பெருக்கும் மருந்தால் இங்கே பெரிய பயன் இல்லை. கோத்திருப்பது உடலில் கூடிப்போன நீர் அல்ல, கசிந்த நீர். ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது அந்த மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். பெரும்பாலானோருக்கு 24 முதல் 48 மணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் புரையேறலையோ, கடும் நுரையீரல் செயலிழப்பையோ தேட வேண்டும்.

அந்த நிலைக்குப் போனவருக்கு வெண்டிலேட்டர் காற்றின் அளவை உடல் எடையைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். ஆணுக்கு 50, பெண்ணுக்கு 45.5, அதோடு, உயரத்தில் 152.4 செ.மீ.க்கு மேல் உள்ள ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கூட்டினால் கணக்கு எடை கிடைக்கும். 170 செ.மீ. ஆணுக்கு அது 66 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஏறக்குறைய 400 மி.லி. அவர் 95 கிலோ இருந்தாலும் நுரையீரல் வளர்ந்துவிடவில்லை. தேக்க அழுத்தம் (காற்று உள்ளே போய் நிற்கும் கணத்தில் இருக்கும் அழுத்தம்) 30 செ.மீ. நீரழுத்தத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். ஆக்சிஜன் ஏறாமல் அடம்பிடித்தால் நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்கவைப்பது பலன் தரும்.

புரையேறியது என்று தெரிந்தவுடன் ஆன்டிபயாடிக் தொடங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, தேவையில்லை. முதல் இரண்டு நாள் அழற்சி கிருமியால் வந்ததல்ல. 48 மணி நேரம் கடந்தும் காய்ச்சலும் எக்ஸ்ரே திட்டும் தொடர்ந்தாலோ, நோயாளி தொடக்கத்திலேயே மோசமாக இருந்தாலோதான் தேவை. ஸ்டீராய்டும் உதவுவதில்லை. திட உணவுத் துண்டு மூச்சுக்கிளையை அடைத்திருந்தால் மட்டும் உள்நோக்கிக் கருவியால் எடுக்க வேண்டும். அமிலத்தைக் கழுவி எடுக்க முயல்வது வீண், அது சில வினாடிகளிலேயே தன் வேலையை முடித்திருக்கும்.

மூச்சு திரும்பத் திரும்ப அடங்கினால் நலோக்ஸோனைச் சொட்டாக ஏற்றலாம். மூச்சைத் திருப்பிய மொத்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு மணி நேரத்துக்கு. 0.6 மி.கி.யில் மூச்சு வந்தது என்றால் மணிக்கு 0.4 மி.கி.

ஊசி மூலம் எடுத்தவருக்குக் காய்ச்சலும், எக்ஸ்ரேயில் பல இடங்களில் சிறு உருண்டைத் திட்டுகளும் இருந்தால் இதய வால்வில் கிருமி பிடித்து அதன் துணுக்குகள் நுரையீரலுக்குப் போகின்றனவா என்று ரத்தக் கல்ச்சரும் எக்கோவும் பார்க்க வேண்டும். கழுத்து நரம்பில் குத்தியவருக்குத் திடீர் நெஞ்சுவலி வந்தால் நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசிந்திருக்கலாம். புகையாக இழுத்த ஆஸ்துமாக்காரருக்குக் கடும் இழுப்பு வரலாம். வழக்கமான இழுப்பு மருந்தே இதற்கும்.

எப்போது வீட்டுக்கு

குறைந்த நேரமே வேலை செய்யும் ஓபியாய்டு என்று உறுதியாகத் தெரிந்தால், கடைசி நலோக்ஸோனுக்கு ஒரு மணி நேரம் கழித்துச் சோதிக்கலாம். தானாக நடக்கிறாரா, வெறும் காற்றில் ஆக்சிஜன் 92க்கு மேலா, மூச்சு 10 முதல் 20க்குள்ளா, நாடி 50 முதல் 100க்குள்ளா, வெப்பம் 35 முதல் 37.5 டிகிரிக்குள்ளா, நினைவு முழுதாகத் தெளிந்ததா? ஒன்று தவறினாலும் போகக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தாலும் நாலு மணி நேரம் வைத்துப் பார்ப்பதே எங்கள் விருப்பம், நீர் கோத்தல் அதற்குள் தெரிந்துவிடும். மெத்தடோன், பட்டை, மெதுவாகக் கரையும் மாத்திரை, எது எடுத்தார் என்றே தெரியாத நிலை, குழந்தை விழுங்கியது: இவற்றில் இந்தக் கணக்கே கிடையாது, ஒரு நாள் உள்ளே இருக்க வேண்டும்.

வீட்டில் முதல் இரவு தனியாகப் படுக்கவிடாதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. தொடர்ந்து எடுத்தவர் மருத்துவமனையில் சில நாள் அதை எடுக்காமல் இருந்திருந்தால் உடலின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய அளவே இப்போது மூச்சை நிறுத்தும். இதை அவரிடமும் கூட இருப்பவரிடமும் நேராகச் சொல்லிவிட வேண்டும். மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் வெப்பத்தையும் ஓய்வில் ஓடும் மூச்சையும் குறித்துவையுங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூச்சு 24க்கு மேல், நுரையோ ரத்தமோ கலந்த சளி, மாடிப்படி ஏறியதும் புதிதாக வரும் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே திரும்ப அழைத்துப் போங்கள். போகும்போது எந்த மருந்து, எத்தனை மணிக்கு, நலோக்ஸோன் எத்தனை முறை, நடுவில் வாந்தி எடுத்தாரா, எந்த நிலையில் கிடந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொடுங்கள். எக்ஸ்ரேயில் எங்கே தேட வேண்டும் என்பது மருத்துவருக்கு அதிலிருந்தே தெரியும்.